நேற்றைய கேக், இன்றைய விருந்து

*பிளம் கேக்குக்குப் பக்கத்தில் சத்தமில்லாமல் உட்கார்ந்திருக்கும் ட்ரைஃபிள், பர்மிங்காம் மருந்துக் கடையையும் மன்னார் வளைகுடாவையும் ஒரே கண்ணாடிக் கிண்ணத்தில் அடக்கிவைத்திருக்கிறது*

பெரம்பூரில், ஒருகாலத்தில் ரயில்வே குடும்பங்கள் நிறைந்திருந்த ஒரு தெரு. டிசம்பர் 23, சாயங்காலம் ஆறு மணி. சாப்பாட்டு மேஜையில், ஃபேனுக்கு நேர் கீழே, ஒரு ஸ்பாஞ்ச் கேக் மூடாமல் கிடக்கிறது. விரல் பருமனுக்குத் துண்டு போட்டு, ஒன்றின்மேல் ஒன்று படாமல், வடாம் காயவைப்பது போல எவர்சில்வர் தட்டில் பரப்பி வைத்திருக்கிறார் ஆன்ட்டி.

“காஞ்சு போயிடுமே ஆன்ட்டி?”

“காயட்டும்னுதானே வெச்சிருக்கேன். புது கேக்கைப் போட்டா கஞ்சியாயிடும். நேத்து கேக்குக்குத்தான் குடிக்கத் தெரியும், மேன்.”

சொல்லிவிட்டு அலமாரியில் இருக்கும் இஞ்சி ஒயின் பாட்டிலைப் பார்த்துச் சிரிக்கிறார். அவருக்கு எழுபது தாண்டிவிட்டது. கட்டிலுக்கு அடியில் இருந்த டிரங்குப் பெட்டியை இழுத்து, பழைய படுக்கை விரிப்பில் சுற்றியிருந்த கண்ணாடிக் கிண்ணத்தை வெளியே எடுக்கிறார். அகலமான வாய், கீழே குட்டையாய் ஒரு கால். மாமியார் கொடுத்தது. வருஷத்தில் மூன்று நாள்தான் அதற்கு வெளிச்சம். விளிம்பில் ஓரிடத்தில் சில்லு பெயர்ந்திருக்கிறது. அதை உடைத்தது யார் என்ற வழக்கு இந்த வீட்டில் பல கிறிஸ்துமஸ்களாக நிலுவையில் இருக்கிறது.

நாளைக்கு இந்தக் கிண்ணத்தில் கேக், பழம், ஜெல்லி, கஸ்டர்டு, கிரீம் என்று அடுக்கு ஏறும். நாளை மறுநாள் மதியம், பிரியாணிக்கும் வறுத்த கோழிக்கும் பிறகு, வயிற்றில் இடமில்லை என்று சொன்னவர்களே கரண்டியைத் தூக்கிக்கொண்டு வருவார்கள்.

டிசம்பர் பிறந்தால் எந்த பேக்கரி கண்ணாடிக்குப் பின்னாலும் இப்போது இந்த அடுக்குகள்தான். பிளாஸ்டிக் கோப்பையில், ஜாம் பாட்டிலில், தகர டப்பாவில் என்று பெயரும் விலையும் மாறுகின்றன. அத்தனைக்கும் பாட்டி இந்தக் கால் வைத்த கிண்ணத்தில் இருப்பவள்தான்.

பெயரிலேயே ஏளனம்

ட்ரைஃபிள் என்ற ஆங்கிலச் சொல்லுக்கு அற்பம், ஒன்றுமில்லாத சமாச்சாரம் என்று பொருள். ஏய்ப்பு, கேலி என்ற அர்த்தத்தில் பழைய பிரெஞ்சில் வழங்கிய சொல்லிலிருந்து வந்தது. 16-ஆம் நூற்றாண்டின் கடைசியில் தாமஸ் டாசன் என்பவர் இல்லத்தரசிகளுக்காக எழுதிய சமையல் புத்தகத்தில் இந்தப் பெயரில் ஒரு குறிப்பு இருக்கிறது. கெட்டியான பாலேடு, சர்க்கரை, இஞ்சி, பன்னீர். அவ்வளவுதான். கேக்கும் இல்லை, அடுக்கும் இல்லை. 1598-இல் ஜான் ஃப்ளோரியோ தொகுத்த இத்தாலிய-ஆங்கில அகராதி, ட்ரைஃபிளையும் ‘ஃபூல்’ என்ற பாலேட்டு இனிப்பையும் ஒன்றாகவே சொல்கிறது. ஒன்றுக்கு அற்பம், மற்றதற்கு முட்டாள். ஆசையாகச் சாப்பிடும் பண்டத்துக்கு இப்படிப் பெயர் வைக்க ஆங்கிலேயரால்தான் முடியும்.

அடுக்கு வந்தது 18-ஆம் நூற்றாண்டில். ஹன்னா கிளாஸ் எழுதி 1747-இல் முதலில் வெளிவந்த சமையல் நூல் அந்த நூற்றாண்டின் பெரிய விற்பனை. அவருடைய ட்ரைஃபிளில் அடியில் ஒயினில் ஊறிய பிஸ்கட், அதன்மேல் கஸ்டர்டு, உச்சியில் நுரைத்த பாலேடு. மீந்துபோன கேக்கும், பாட்டிலின் அடியில் தங்கிய ஒயினும் வீணாகாமல் இருக்க வழி கிடைத்தது. நம் வீட்டில் மீந்த இட்லி உப்புமாவாவது மாதிரிதான். ஒரே வித்தியாசம், உப்புமாவை யாரும் வெள்ளிக் கரண்டியோடு விருந்தினருக்கு வைப்பதில்லை. ஸ்காட்லாந்துக்காரர்கள் ஒயினுக்குப் பதில் விஸ்கியை ஊற்றி, ‘டிப்ஸி லேர்ட்’ என்று பெயர் சூட்டினார்கள். போதையேறிய ஜமீன்தார்!

இது ஏன் கிறிஸ்துமஸ் பண்டமாயிற்று என்பதற்குக் காரணம் பக்கத்துத் தட்டில் இருக்கிறது. இங்கிலாந்தின் கிறிஸ்துமஸ் புட்டிங் கல்லுக்குண்டு மாதிரி. மாட்டுக் கொழுப்பு, உலர்ந்த திராட்சை, பிராந்தி, மணிக்கணக்கான ஆவி. முழு வான்கோழி விருந்துக்குப் பிறகு அதைத் தொட எல்லாருக்கும் தைரியம் வராது. அந்தக் கோழைகளுக்காகத்தான் ட்ரைஃபிள். பனிக்காலத்தில் தோட்டத்தில் பழம் இருக்காது, ஜாடியில் ஜாம் இருக்கும். ட்ரைஃபிளுக்கு அது போதும். எல்லாவற்றையும்விட, முதல் நாளே செய்து வைத்துவிடலாம். பண்டிகை அன்று அடுப்படியில் நிற்பவருக்குத்தான் அதன் அருமை தெரியும். ஆலன் டேவிட்சனும் ஹெலன் சபேரியும் 2001-இல் ட்ரைஃபிளைப் பற்றி மட்டுமே ஒரு முழுப் புத்தகம் எழுதினார்கள். அற்பத்துக்கு ஒரு புத்தகம்.

பெட்டிச் செய்தி: அரசிக்கு ஓர் அற்பம்

2022-இல் இரண்டாம் எலிசபெத் அரியணை ஏறிய 70-ஆம் ஆண்டு விழாவுக்காக, நாடு தழுவிய இனிப்புப் போட்டி நடந்தது. சுமார் 5,000 பேர் கலந்துகொண்டார்கள். நடுவர் குழுவுக்குத் தலைமை சமையல் எழுத்தாளர் மேரி பெர்ரி. வென்றது சவுத்போர்ட்டைச் சேர்ந்த ஜெம்மா மெல்வின் செய்த எலுமிச்சை ட்ரைஃபிள்.

அடியிலிருந்து: லெமன் கர்டு தடவிச் சுருட்டிய ஸ்விஸ் ரோல், ஆரஞ்சும் எலுமிச்சையும் கலந்த ஜெல்லி, எலுமிச்சைக் கஸ்டர்டு, அமரெட்டி பிஸ்கட், மாண்டரின் ஆரஞ்சுக் கூழ், கிரீம், மேலே வெள்ளைச் சாக்லேட் சில்லுகள்.

அறிவிப்பு வந்ததும் வீட்டுச் சமையல்காரர்களிடமிருந்து வந்த முணுமுணுப்பும் நியாயமானது. தெருவிருந்துக்கான இனிப்பு என்று சொல்லிவிட்டு, ஒரு முழு நாள் வேலையைக் கொடுத்துவிட்டார்கள்.

மூன்று பொட்டலங்கள்

இங்கிலாந்தின் பால்பண்ணைச் சமையலறையில் பிறந்த ஒரு பண்டம் பெரம்பூர் வரை எப்படி வந்தது? வெள்ளைக்காரர் கொண்டுவந்தார் என்பது பாதிப் பதில். கிளப்பிலும் துரை பங்களாவிலும் சமைத்த பட்லர்கள் கற்றுக்கொண்டார்கள், ஆங்கிலோ-இந்தியக் குடும்பங்கள் பெரம்பூர், பொன்மலை, போத்தனூர், அரக்கோணம் என்று ரயில் போன இடமெல்லாம் கூடவே எடுத்துப்போனார்கள். ஆனால் பாலேடும் பனியும் இல்லாத ஊரில் அது உயிரோடு நிலைத்ததற்கு வேறு காரணம் வேண்டும். கஸ்டர்டு பவுடர், ஜெல்லி, கிரீம் என்ற மூன்று பொட்டலங்கள்தான் அந்தக் காரணம் என்பது என் கட்சி. முதல் பொட்டலத்துக்கு ஒரு கும்பிடு. இரண்டாவது நம் கடலுக்கே சொந்தம். மூன்றாவதோடுதான் எனக்குச் சண்டை.

முதலில் கஸ்டர்டு. அசல் கஸ்டர்டு என்பது பாலும் முட்டை மஞ்சள் கருவும் மிதமான சூட்டில் கெட்டிப்படுவது. சூடு கொஞ்சம் ஏறினாலும் திரிந்துபோகும். 1837-இல் பர்மிங்காமில் மருந்துக் கடை வைத்திருந்த ஆல்ஃபிரட் பேர்டுக்கு ஒரு வீட்டுச் சிக்கல். மனைவி எலிசபெத்துக்குக் கஸ்டர்டு என்றால் உயிர், முட்டை ஒத்துக்கொள்ளாது. அவர் சோளமாவில் மணமும் நிறமும் சேர்த்து, முட்டையே இல்லாத கஸ்டர்டு ஒன்றைத் தயாரித்தார். ஒரு நாள் தவறுதலாக அதை விருந்தாளிகளுக்குப் பரிமாறிவிட, அவர்கள் ரசித்துச் சாப்பிட்டார்கள் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் கதை. அதைப் பொடியாக விற்ற அவரது தொழிற்சாலை வளர்ந்து, நகர்ந்து, கடைசியில் டிக்பெத் பகுதியில் நின்றது. அந்தக் கட்டடம் இன்று கலைக்கூடங்களும் கடைகளும் நிறைந்த வளாகம். பெயர் இன்னும் ‘கஸ்டர்டு ஃபேக்டரி’தான்.

ஒரு மனைவியின் ஒவ்வாமைக்காகச் செய்த பொடி, முட்டை தொடாத கோடிக்கணக்கான இந்தியர்களின் அடுப்படிக்குள் நுழைந்துவிட்டது. ஆல்ஃபிரட் பேர்டு இதைக் கனவிலும் நினைத்திருக்க மாட்டார். நம் கல்யாணப் பந்தியில் வாழைப்பழமும் திராட்சையும் மிதக்கும் ஃப்ரூட் கஸ்டர்டு, அந்தப் பொடி போட்ட குட்டி. அடுக்கு கலைந்த ட்ரைஃபிள் என்றும் அதைச் சொல்லலாம். பாகிஸ்தானில் ஈத் பண்டிகை மேஜையில் ட்ரைஃபிள் நிரந்தர உறுப்பினர். அங்கேயும் கஸ்டர்டு பவுடரும் பொட்டல ஜெல்லியும்தான் ஆதாரம். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் இங்கிலாந்திலேயே முட்டையும் சர்க்கரையும் ரேஷன், கிரீம் விற்பனைக்குத் தடை. வெண்ணெய்க்குப் பதில் மார்கரினையும் சோளமாவையும் அடித்துப் பொய்க் கிரீம் செய்தார்கள். 1954 ஜூலையில்தான் ரேஷன் முழுதாக முடிந்தது. அத்தனை வருஷமும் கஸ்டர்டு என்ற ருசியைக் காப்பாற்றியதில் இந்தப் பொடிக்குப் பங்கு உண்டு. ஆகவே பவுடரை இளக்காரமாகப் பேசுகிற சமையல் பண்டிதர்களோடு நான் சேர மாட்டேன்.

ஐஸ் ஹவுஸும் மரிக்கொழுந்துப் பாசியும்

ஜெல்லி கதை வேறு. பழைய நாளில் கன்றுக்குட்டிக் கால்களை மணிக்கணக்கில் கொதிக்கவைத்து, கொழுப்பு நீக்கி, துணியில் வடித்து அதன் ஜெலட்டினை எடுப்பார்கள். சில்லென்ற ஊரில் அது தானாக உறையும். மெட்ராஸில்? ஜெலட்டின் ஜெல்லி 30 டிகிரி வாக்கில் இளகத் தொடங்கிவிடும். நம் ஊரின் டிசம்பர் மதியம் கிட்டத்தட்ட அதே சூடு.

அந்நாளில் துரைமார் மேஜைக்குச் சில்லென்று எதையும் கொண்டுவர அமெரிக்காவின் குளிர்காலத்தைக் கப்பலில் ஏற்ற வேண்டியிருந்தது. ஃபிரெடரிக் டியூடர் என்ற பாஸ்டன் வணிகர், மாசசூசெட்ஸ் ஏரிகளில் உறைந்த பனியை வெட்டி, மரத்தூளில் பொதிந்து அனுப்பினார். 1833-இல் கல்கத்தாவுக்கு முதல் சரக்கு வந்தது. மெட்ராஸ் கடற்கரையில் 1842-இல் பனிக்கிடங்கு எழுந்தது. மெரினாவுக்கு எதிரே இன்று விவேகானந்தர் இல்லமாக நிற்கும் அந்த வட்டக் கட்டடத்தை ஆட்டோக்காரர்கள் இன்னும் ஐஸ் ஹவுஸ் என்றால்தான் சட்டென்று புரிந்துகொள்வார்கள். இயந்திரத்தில் பனிக்கட்டி செய்யும் வித்தை வந்ததும் அந்த வியாபாரம் கரைந்துவிட்டது.

பனி இல்லாமலே உறையும் ஒரு பொருள், ஐஸ் ஹவுஸுக்குத் தெற்கே நம் கடலிலேயே இருந்தது. கடல்பாசி. கடையில் சைனா கிராஸ், அகர் அகர் என்று கேட்டாலும் தருவார்கள். ராமநாதபுரம் கடற்கரைப் பெண்கள் மன்னார் வளைகுடாத் தீவுகளைச் சுற்றி மூழ்கி எடுக்கும் மரிக்கொழுந்துப் பாசியும் கஞ்சிப் பாசியும் இதன் மூலப்பொருள். விரல்களில் துணி சுற்றிக்கொண்டு, காலில் தகட்டுச் செருப்பு கட்டிக்கொண்டு, பாறையில் ஒட்டியிருப்பதைப் பறித்து இடுப்புப் பையில் போட்டுக்கொண்டு மேலே வருவார்கள். கண்ணாடியும் வலையும் தவிர வேறு கருவி இல்லை. காய்ந்த பாசி மதுரைப் பக்கத்து ஆலைகளுக்குப் போய் நூலாகவும் பொடியாகவும் திரும்பும். 21 தீவுகளைக் கொண்ட இந்தப் பகுதி 1986-இல் கடல் தேசியப் பூங்காவானது. அதற்குப் பிறகு தீவுகளுக்குப் போவது தொடர்பாக அந்தப் பெண்களுக்கும் வனத்துறைக்கும் நடக்கும் இழுபறி ஓயவில்லை. பவளப் பாறையைக் காக்கத்தான் வேண்டும். ஆனால் மூச்சடக்கி மூழ்கும் பெண்ணின் கூலியையும் பேசாமல், அந்த ஜெல்லியைச் ‘சைவம்’ என்று பெருமையாக மேஜையில் வைப்பது எனக்குத் தொண்டையில் நிற்கிறது.

சமையலுக்கு வருவோம். கடல்பாசி 40 டிகிரிக்குக் கீழே இறங்கினாலே கெட்டிப்படும். ஒருமுறை உறைந்துவிட்டால் 85 டிகிரி வரை இளகாது. நோன்புக் காலத்தில் தமிழ் முஸ்லிம் வீடுகளில் பாலும் ரோஸ் எசன்ஸும் சேர்த்துக் கடல்பாசி செய்து இஃப்தாருக்கு வைப்பவர்களுக்கு இதெல்லாம் பாலபாடம். ஒரு குறை இருக்கிறது. ஜெலட்டின் வாய்ச் சூட்டில் கரைந்து வழுக்கும். கடல்பாசி கரையாது, நறுக்கென்று கடிபடும். அதனால்தான் ட்ரைஃபிளுக்கு அளவைக் குறைத்து, தளதளவென்று உறையவிட வேண்டும்.

இன்னொரு லாபம் எனக்குப் பட்டுத் தெரிந்தது. போன வருஷம் பச்சை அன்னாசியை வெட்டி ஜெலட்டின் ஜெல்லிக்குள் போட்டேன். இரவு பன்னிரண்டு மணிக்கும் அது சர்பத்தாகவே இருந்தது. அன்னாசியில் இருக்கும் புரோமெலின் என்ற நொதி புரதத்தை வெட்டிப்போடும். ஜெலட்டின் முழுக்கப் புரதம். பச்சைப் பப்பாளியும் கிவியும் இதே வேலையைச் செய்யும். கடல்பாசியில் புரதம் இல்லை, எனவே நொதியின் பாச்சா பலிக்காது. டப்பாவில் அடைத்த அன்னாசி சூடுபட்டது என்பதால் அதற்கும் அந்தக் குணம் இல்லை. பாட்டிகள் ஏன் டப்பா அன்னாசியையே வாங்கினார்கள் என்பது அன்றைக்கு இரவு விளங்கியது.

பெட்டிச் செய்தி: ஒட்டிக்கொண்ட பக்கம்

உலகத்திலேயே பிரபலமான ட்ரைஃபிள் ஒரு தோல்வி. 1999 நவம்பரில் ஒளிபரப்பான ‘ஃபிரெண்ட்ஸ்’ என்ற அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரின் ஓர் அத்தியாயத்தில், ரேச்சலின் சமையல் புத்தகத்தில் இரண்டு பக்கங்கள் ஒட்டிக்கொண்டுவிடுகின்றன. பாதி ட்ரைஃபிள், பாதி இறைச்சிப் பண்டம். பிஸ்கட், ஜாம், கஸ்டர்டு, பழம் எல்லாம் போட்டபின் பட்டாணியும் வெங்காயமும் சேர்த்து வதக்கிய மாட்டிறைச்சி ஓர் அடுக்கு. நண்பன் ஜோயி மட்டும் ரசித்துச் சாப்பிடுகிறான்.

கிரீம் என்ற பெயரில்

மூன்றாவது பொட்டலம் வெள்ளை வெளேரென்று இருக்கும், மலைபோல் நிற்கும், வெயிலிலும் அசையாது. பேக்கரிக்காரர்களிடம் கேட்டால் ‘விப்பிங் கிரீம்’ என்பார்கள். அட்டையைத் திருப்பிப் படித்தால் பாலுக்கும் அதற்கும் பெரிய உறவு இருக்காது. பெரும்பாலானவற்றில் கொழுப்பாக இருப்பது, ஹைட்ரஜன் ஏற்றிக் கெட்டியாக்கிய எண்ணெய்ப்பனைக் கொட்டை எண்ணெய். சர்க்கரை, தண்ணீர், நிலைப்படுத்தும் பொருள்கள் மீதி.

நிஜக் கிரீம் நுரைத்து நிற்க, கொழுப்பு குறைந்தது 30 சதவீதமாவது வேண்டும், 35 இருந்தால் நிம்மதி. கிண்ணம், அடிக்கும் கம்பி, கிரீம் மூன்றும் சில்லென்று இருக்க வேண்டும். கொழுப்புத் துளிகள் பாதி உறைந்த நிலையில் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டுதான் காற்றுக் குமிழிக்கு வேலி கட்டுகின்றன. சூடு ஏறினால் வேலி இளகும். கடைகளில் சின்ன அட்டைப்பெட்டியில் கிடைக்கும் ஃப்ரெஷ் கிரீமில் கொழுப்பு 25 சதவீதம்தான். அதை எவ்வளவு அடித்தாலும் கை வலிதான் மிச்சம். ஆகவே நம் சீதோஷ்ணத்தில் எண்ணெய்க் கிரீம் ஜெயித்தது நியாயம்தான், வியாபாரிக்கு.

நாக்குக்கு? பனைக்கொட்டை எண்ணெய் வாயில் கரைந்த பிறகும் மேலண்ணத்தில் மெழுகுபோல் ஒரு படலம் தங்கும். இப்போதைய பிள்ளைகளுக்கு அதுதான் கிரீம். நிஜத்தைக் கொடுத்தால் ‘பால் வாசனை அடிக்குது’ என்று முகத்தைச் சுளிக்கிறார்கள். இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் எண்ணெய், கொழுப்புகளில் டிரான்ஸ் கொழுப்பின் உச்சவரம்பை 2021 ஜனவரியில் 3 சதவீதமாகவும், 2022 ஜனவரியில் 2 சதவீதமாகவும் குறைத்தது நல்ல காரியம். ஆனால் டிரான்ஸ் கொழுப்பு குறைந்தாலும் நிறைகொழுப்பு அப்படியே இருக்கிறது. ‘டிரான்ஸ் ஃபேட் இல்லை’ என்ற பச்சை எழுத்தைப் பார்த்துவிட்டு இரண்டாவது கோப்பையைத் தொடுகிறவர்கள் கவனிக்க.

லேசான இனிப்பு என்று இதையெல்லாம் அழைக்கும்போது ஒரு கணக்கும் சொல்ல வேண்டும். ட்ரைஃபிளின் லேசு காற்றில் இருக்கிறது. நன்றாக வந்த ஸ்பாஞ்சில் பாதிக்கு மேல் காற்றுதான். நுரைத்த கிரீம் இரண்டு மடங்காகப் பெருகும், அதாவது அதில் பாதி காற்று. நாக்குக்குப் பஞ்சு, சரி. வயிற்றுக்கு? 250 மில்லி நிஜக் கிரீமை எட்டுப் பேருக்குப் பங்கிட்டால் ஆளுக்குக் கிட்டத்தட்ட 11 கிராம் கொழுப்பு. பண்டிகைக்கு ஒரு கரண்டி என்றால் கவலை இல்லை. கோப்பையில் அடைத்து வருஷம் முழுவதும் விற்கும்போதுதான் கணக்கு உதைக்கிறது.

பங்காளிகள்

இத்தாலியில் இதன் ஒன்றுவிட்ட தம்பிக்கு ‘சுப்பா இங்கிலேசே’ என்று பெயர், அதாவது ஆங்கிலேய ரசம். கேக்கை அல்கெர்மெஸ் என்ற சிவப்பு மதுவில் நனைப்பார்கள். தென்னாப்பிரிக்காவில் கிறிஸ்துமஸ் கோடைகாலத்தில் வருவதால் ஃபிரிட்ஜிலிருந்து நேரே எடுத்த ட்ரைஃபிளுக்கு அங்கே தனி மரியாதை.

இலங்கையின் பங்காளி எனக்குப் பிடித்தது. பிஸ்கட் புடிங். மாரி பிஸ்கட்டைப் பாலில் ஒரு முக்கு முக்கி அடுக்கி, வெண்ணெயும் ஐசிங் சர்க்கரையும் கோகோவும் அடித்த கலவையை நடுநடுவே பூசி, இரவு முழுக்கக் குளிரில் வைப்பார்கள். மேலே வறுத்த கஜு, அதாவது முந்திரி. பிறந்தநாளோ, நத்தார் என்கிற கிறிஸ்துமஸோ, கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் அடுப்பே பற்றவைக்காமல் செய்யும் விருந்து இது. அந்த மாரி பிஸ்கட்டுக்கும் ஓர் அரச கதை உண்டு. 1874-இல் ரஷ்ய இளவரசி மரியா, இங்கிலாந்து இளவரசரை மணந்ததைக் கொண்டாட லண்டனின் பீக் ஃப்ரீன் நிறுவனம் செய்த பிஸ்கட் அது. பிஸ்கட்டை நனைப்பதில்தான் சூட்சுமம். மூன்று எண்ணுவதற்குள் எடுக்காவிட்டால் பாலோடு போயிற்று.

அடுக்கும் முறை

ஜெல்லி போடலாமா கூடாதா என்று இங்கிலாந்தில் குடும்பங்களே பிரிந்து நிற்கும். போட்டால் குழந்தைப் பண்டம் என்பது ஒரு கட்சி. போடாவிட்டால் அது ட்ரைஃபிளே இல்லை என்பது இன்னொரு கட்சி. பெரம்பூர் ஆன்ட்டி போடுகிற கட்சி. நானும்.

பெட்டிச் செய்தி: எட்டுப் பேருக்கு

ஸ்பாஞ்ச்: முட்டை 4, சர்க்கரை 120 கிராம், மைதா 120 கிராம்
நனைக்க: ஆரஞ்சுச் சாறு 100 மில்லி, இஞ்சி ஒயின் 50 மில்லி (வேண்டாதவர்கள் முழுக்கச் சாறு)
ஜெல்லி: ஆரஞ்சுச் சாறு 400 மில்லி, தண்ணீர் 100 மில்லி, கடல்பாசி 4 கிராம், சர்க்கரை 2 மேஜைக்கரண்டி
கஸ்டர்டு: பால் 500 மில்லி, மஞ்சள் கரு 4, சர்க்கரை 75 கிராம், சோளமாவு 20 கிராம், வெனிலா (முட்டை வேண்டாமென்றால் மஞ்சள் கரு, சோளமாவுக்குப் பதில் கஸ்டர்டு பவுடர் 3 மேஜைக்கரண்டி)
மேலே: 35 சதவீதக் கிரீம் 250 மில்லி, பொடித்த சர்க்கரை 1 மேஜைக்கரண்டி
பழம்: கமலா ஆரஞ்சு 4, வறுத்த பாதாம் ஒரு கைப்பிடி

கேக் வேலை இரண்டு நாள் முன்பே தொடங்குகிறது. வெந்நீர்ப் பாத்திரத்தின் மேல் முட்டையையும் சர்க்கரையையும் வைத்து, கரண்டியைத் தூக்கினால் நாடாபோல் விழும் வரை அடியுங்கள். மைதாவைச் சலித்து, குமிழி உடையாமல் மடித்துக் கலந்து, 180 டிகிரியில் 25 நிமிடம். பேக்கிங் பவுடர் தேவையில்லை, அடித்த காற்றே போதும். இவ்வளவு பொறுமை இல்லாதவர்கள் ஐசிங் இல்லாத ஸ்பாஞ்சைக் கடையில் வாங்கலாம், பாவமில்லை. எதுவானாலும் ஒரு நாள் காற்றில் காயட்டும். காய்ந்த கேக் சாற்றை உறிஞ்சும், ஆனாலும் உருக்குலையாது. புது கேக்கில் ஏற்கனவே ஈரம் இருப்பதால் கூழாகிவிடும்.

கடல்பாசியை அரை மணி ஊறவைத்து, தண்ணீரில் மட்டும் கொதிக்கவிட்டு, நூல் ஒன்றுகூடக் கண்ணில் படாமல் போகும் வரை கரையுங்கள். புளிப்புச் சாற்றோடு சேர்த்துக் கொதித்தால் அதன் பலம் போய்விடும். சாற்றைத் தனியாக வெதுவெதுப்பாக்கிப் பிறகு ஊற்ற வேண்டும். சில்லென்ற சாற்றை ஊற்றினால் அந்த நொடியே கட்டி கட்டியாகத் திரளும்.

கிண்ணத்தின் அடியில் கேக்கை நெருக்கமாக அடுக்கி நனைத்துவிடுங்கள். ஆரஞ்சுச் சுளைகளைத் தோலுரித்து, வெளியே தெரியும்படி கண்ணாடியோரம் வரிசை வையுங்கள். வெதுவெதுப்பான ஜெல்லியை அதன்மேல் கரண்டியின் முதுகில் வழியவிட்டு ஊற்றினால் கேக் மிதக்காது. அரை மணியில் உறைந்துவிடும்.

கஸ்டர்டில் பலரும் செய்யும் பிழை, முட்டையும் சோளமாவும் சேர்ந்த கலவையைப் பயந்து பயந்து பாதிச் சூட்டில் இறக்கிவிடுவது. மஞ்சள் கருவில் மாவுச்சத்தைச் சிதைக்கும் ஒரு நொதி இருக்கிறது. கொதித்து ஒரு நிமிடமாவது ‘ப்ளப் ப்ளப்’ என்று குமிழி விடாவிட்டால் அந்த நொதி சாகாது. ராத்திரி கெட்டியாக இருந்த கஸ்டர்டு காலையில் நீர்த்துப்போவது அதனால்தான். சோளமாவு இருப்பதால் முட்டை திரிந்துவிடுமோ என்ற பயம் வேண்டாம். ஏடு படியாமலிருக்க, ஆறும்போது பட்டர் பேப்பரைக் கஸ்டர்டின் மேலேயே ஒட்டினாற்போல் மூடுங்கள். ஆறியதும் ஜெல்லிமேல் பரப்பி, இரவு முழுவதும் ஃபிரிட்ஜில். கிரீமை மறுநாள், பரிமாறுவதற்கு ஒரு மணி முன்னால் அடித்துப் போட்டால் போதும். பாதாமைக் கடைசி நிமிடத்தில் தூவுங்கள், முன்பே தூவினால் நமுத்துவிடும்.

வெளியே இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்காதீர்கள். பாலும் முட்டையும் சேர்ந்த பண்டம், ஊரோ நம் ஊர். ஃபிரிட்ஜில் இரண்டு நாள் தாங்கும்.

டிசம்பர் 25, மதியம் இரண்டரை

பெரம்பூர் வீட்டில் பதினோரு பேர். கிண்ணம் வந்ததும் ஒரு நிமிடம் சத்தம் அடங்குகிறது. கண்ணாடி வழியாகப் பொன்னிறம், ஆரஞ்சு, மஞ்சள், வெள்ளை. யாரோ படம் எடுக்கிறார்கள். பேரன் ஒருவன் மேல் கிரீமை மட்டும் வழிக்கப் பார்க்க, ஆன்ட்டி கரண்டியைப் பிடுங்குகிறார்.

“அடி வரைக்கும் இறக்குடா. மேல வழிச்சா அது வெறும் கிரீம்.”

கரண்டி இறங்குகிறது. ஒரு பக்கம் சரிந்து, ஆரஞ்சும் மஞ்சளும் ஒன்றாகி, நேற்று முழுதும் கோடு போட்டாற்போல் கட்டிய அடுக்கு எல்லாம் தட்டில் ஒரு குவியலாக விழுகிறது. கேக் இஞ்சியும் ஆரஞ்சுமாக ஊறி, நாக்கில் வைத்ததும் அழுந்துகிறது. விளிம்புச் சில்லு வழக்கு மறுபடியும் விசாரணைக்கு வருகிறது. இந்த வருஷம் குற்றவாளி மூத்த மருமகன்.

பாத்திரம் தேய்க்க உதவலாம் என்று சமையலறைக்குப் போனேன். ஃபிரிட்ஜைத் திறந்தால், இட்லி மாவுத் தூக்குக்குப் பின்னால், தட்டு போட்டு மூடிய சின்னக் கிண்ணம் ஒன்று. நான் பார்த்துவிட்டதை ஆன்ட்டி பார்த்துவிட்டார்.

“நாளைக் காலைல எனக்கு,” என்றார். “ரெண்டாம் நாள்தான் அது சரியா ஊறியிருக்கும். யாருகிட்டயும் சொல்லாதே, மேன்.”